கண்ணை மூடிக் கேட்பவர்

தாம் இன்னும் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை அவர் என் மேசைக்கு வந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள் எல்லோருக்கும் அந்த விதி உண்டு. எழுபதுகளிலும் நாங்கள் மேரி என்றே சொல்லிக்கொண்டிருந்த காரைக்கால் நகராட்சியில் உயிர்ச் சான்றுப் படிவம் என் பொறுப்பு. ஆள் நேரில் வர வேண்டும். நான் படிவத்தை உரக்க வாசிக்க வேண்டும். அவர் கேட்டு, ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் பிறந்த தேதி என்ற இடத்துக்கு நான் வருவதற்குள் அவர் தூங்கிவிடுவார். உயிரோடிருப்பதற்குச் சான்று வாங்க வந்தவர் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, மார்பு அசையாமல் உட்கார்ந்திருந்தால் அலுவலர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

"முசியே" என்று கூப்பிடுவேன். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். கண் திறக்கும்.

"தூங்கலை சார். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை வைத்திருந்தார். நாம் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வார். ஒரு சொல் பிசகாது. எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தூங்கியவர் என்று தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார்.

ஆள் நல்ல கனம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் வந்து உட்கார்ந்திருக்கும். வெள்ளைக் கால்சட்டை, உள்ளே செருகிய சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. பதினைந்து ஆண்டு ராணுவத்தில் இருந்தும் பிரெஞ்சு அவருக்கு நாக்கில்தான் இருந்தது. பேசுவார், திட்டுவார், பாடவும் செய்வார். எழுத்து என்று வந்தால் தம் பெயரும் படை எண்ணும் மட்டும். அதனால் பாரிசிலிருந்து வரும் காகிதமெல்லாம் என்னிடம்தான் வரும். நான் பிரெஞ்சுக் காலத்தில் பிரவே என்ற பள்ளித் தேர்வில் தேறியவன். அதை ஊரில் யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் உட்காரமாட்டார். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டே பிரசங்கம் முழுவதையும் கேட்பார். பங்குச் சாமியார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, பெஞ்சில் நெளிகிற இளைஞர்களுக்கு அவரை உதாரணம் காட்டினார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயத்தில் நின்றவர் அவர். ஒரு தவக்கால ஞாயிறு நின்றபடியே தூங்கி, பாட்டுப் புத்தகம் கை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கிற சாக்கில் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற நாலு பேர் தாங்களும் முழங்காலிட்டார்கள்.

பூவம் அவர் மனைவியின் ஊர். காரைக்காலிலிருந்து பஸ்ஸில் எட்டிப்பிடிக்கிற தூரம். தனியாகப் போனால் பூவத்தில் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. தரங்கம்பாடியில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடுவார். மறு பஸ் பிடித்து மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். கேட்டால், தரங்கம்பாடிக் கடல் நம்ம கடலைவிடக் கொஞ்சம் நீலமா இருக்குன்னு சொன்னாங்க, பாத்துட்டு வந்தேன் என்பார். அந்தக் கடலை அவர் அளவுக்கு ஆராய்ந்தவர் வேறு எவரும் இருக்க முடியாது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அலுவலகம் முடிந்ததும் அவர் வீட்டு முன்கூடத்துப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்வது பழக்கமாயிற்று. ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது எந்தக் கோப்பு எந்த அலுவலகத்துக்குப் போனது, யாருடைய பதவி உயர்வில் என்ன விதி மீறப்பட்டது என்று பேசுவேன். மற்றவர்கள் என் பேச்சின் மூன்றாவது நிமிடத்தில் கடைக்குப் போக வேண்டும் என்பார்கள். அவர் அசையாமல் கண்ணை மூடியபடி இருப்பார். என் பேச்சைக் கேட்டுத் தூங்கியவர்கள் பலர். தூங்கியும் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஓய்வு பெற்ற பிறகு பேசுவதற்கு எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. எதிர் நாற்காலிதான் காலியாக இருக்கிறது.

அவருக்கு ஏதோ நோய் என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டு மரைக்காயர். இருபது வருஷம் கப்பலில் இருந்தவர், சத்தத்துக்கு அஞ்சாதவர். குறட்டை எங்களுக்குப் பழகிப்போச்சு, அது நிக்கிறப்பதான் வீடே முழிச்சுக்குது, திரும்பக் கேக்குற வரைக்கும் அல்லா அல்லான்னு உக்காந்திருக்கோம் என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். மதாம் சிரிக்கவில்லை. ஊரே மதாம் என்று கூப்பிட்ட அவர் மனைவி மெலிந்த, அதிகம் பேசாத பெண்மணி. மூச்சு நின்றால் தோளைப் பிடித்து உலுக்குவதற்காகவே பல வருடமாக அரைத் தூக்கம் தூங்கி வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மருத்துவர்களிடம் போகாமல் இல்லை. முதலாமவர் களைப்பு என்று சத்து ஊசி போட்டார். இரண்டாமவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: தூக்கமெல்லாம் எப்படி? "நல்லாத் தூங்குறேங்க. பகல்ல தூங்குறதே இல்லை" என்பார், அட்டென்ஷனில் நின்றபடி. மதாம் எப்போதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே கூடப் போனவன் நான். படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான்தானே.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து மகள் விடுமுறைக்கு வந்தாள். அங்கே ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. ஒரு மதியம் அப்பா தூங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவள், அங்கிருந்த மருத்துவர் ஒருவரிடம் விவரம் சொல்லி அரைப் பக்கக் கடிதம் வாங்கி அனுப்பினாள். பிரெஞ்சில் இருந்தது. இங்கே உள்ள மருத்துவர்களுக்கு ஆங்கிலத்தில் வேண்டும். மொழிபெயர்ப்பு என் வேலை.

கடிதத்தின் உயிர் ஒரே சொல்லில் இருந்தது: அப்னே. தூக்கத்தில் வரும் அப்னே இருக்கிறதா என்று பார்க்கவும் என்று எழுதியிருந்தார். என் அகராதியில் அந்தச் சொல் இல்லை. எனக்குத் தெரியாமல் இருக்குமா? முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். குழாய் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு கடலில் இறங்குவதை அங்கே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆகவே 'முத்துக்குளிப்பவர்போல் உறக்கத்தில் மூச்சடக்கும் பழக்கம்' என்று பொருள் வரும்படி நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பழக்கம் என்பது நானாகச் சேர்த்தது; வாக்கியம் நிறைவாக இருந்தது. ஐயமுள்ள இடத்தில் மூலச் சொல்லை அப்படியே தர வேண்டும் என்பது மொழிபெயர்ப்பாளனுக்கு முதல் விதி. அந்த விதியை நான் மற்றவர்களுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

என் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் இரண்டு முறை படித்தார். கடலில் முங்குகிற வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். நம்மவர், சின்ன வயசுல அரசலாத்துல பாலத்து மேலேர்ந்து குதிச்சிருக்கேன் என்று உண்மையைச் சொன்னார். முடிந்தது. பழைய நீர் அழுத்தம், காதுச் சவ்வு என்று பத்து மாதத்துக்குக் காதில் சொட்டு மருந்து. மூச்சை அடக்கக் கூடாது என்று அறிவுரை வேறு. நம்மவர், சொன்ன நேரம் தவறாமல் ஒரு பக்கம் சாய்ந்து படுத்துச் சொட்டு விட்டுக்கொண்டார். மதாம் மட்டும் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "மூச்சு நிக்கிறது மூக்குல சார். சொட்டு ஏன் காதுல விடுறோம்?"

சிறப்பு மருத்துவர் சொன்னால் அதற்கு முறை இருக்கும் என்று பதில் சொன்னேன்.

ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக மூவரும் புதுச்சேரி போனபோது மதாம் தம் கைப்பையில் மகள் அனுப்பிய மூலக் கடிதத்தை வைத்திருந்தார். வந்ததோடு வந்தோம், இங்க ஒரு ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போவோம் என்றார். நான் முன்னனுமதி, பரிந்துரைச் சீட்டு என்று ஏதோ சொன்னேன். அதற்குள் மதாம் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுவிட்டார்.

நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். நாற்பது வயது இருக்காது. மதாமையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிக்கொண்டே கடிதத்தின் மேல் விரலை ஓட்டினார். விரல் ஒரு சொல்லில் நின்றது. பிறகு என் மொழிபெயர்ப்பை எடுத்தார்.

"இதுல முத்து எங்கேருந்து வந்துச்சு? அப்னியாதானே போட்டிருக்கு. இங்கிலீஷ்லயும் அதே வார்த்தைதான். யாருங்க மொழிபெயர்த்தது?"

மதாம் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். நான் மேசையைப் பார்த்தேன்.

"சார்தான். நல்லாத்தான் செஞ்சிருக்காரு" என்றார் நம்மவர். "எனக்குக் காது இப்ப நல்லாக் கேக்குது."

மருத்துவர் கேள்விகளை மதாமிடம் கேட்கத் தொடங்கினார். எவ்வளவு நேரம் நிற்கும், எப்படித் திரும்பும், காலையில் தலைவலி உண்டா. பத்து வருடமாக யாரும் கேட்காததையெல்லாம் கேட்டார். பதில்கள் மதாமிடம் வரிசையாகத் தயாராக இருந்தன. ஐந்தாம் கேள்விக்குள் நம்மவர் தூங்கிவிட்டார். எழுப்பப் போன என்னை மருத்துவர் கையைக் காட்டித் தடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். குறட்டை ஏறியது, நின்றது. வயிறு மட்டும் முட்டி முட்டிப் பார்த்தது, காற்று உள்ளே போகவில்லை. அறையில் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் இருந்தோம். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பிறகு அந்த உறுமல்.

"தூங்கலைங்க. கண்ணை மூடி..."

"தூங்குனீங்க" என்றார் மருத்துவர். "தூங்குனா என்ன, தப்பா? நீங்க ராத்திரியெல்லாம் தூங்கவே இல்லை. தொண்டை அடைச்சு மூச்சு நிக்குது, மூளை எழுப்பி விடுது, மறுபடி நிக்குது. விடிய விடிய இதேதான். அப்புறம் பகல்ல கண்ணு சொருகாம என்ன செய்யும்? இது நோய். சோம்பேறித்தனம் கிடையாது."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிகிச்சை என்ன என்று கேட்பார் என நினைத்தேன்.

"இது இருபத்தஞ்சு வயசுலயும் இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம். இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

"இருந்திருக்கலாம்னு எழுதித் தருவீங்களா?"

மருத்துவர் மதாமைப் பார்த்தார். மதாமுக்கும் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இளவயதிலேயே தொடங்கியிருக்கக்கூடும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சிகிச்சையைத் தனித்தாளில் எழுதினார். எடை குறைய வேண்டும், வைன் கூடாது, மல்லாந்து படுக்கவே கூடாது. பனியன் முதுகில் ஒரு பை தைத்து அதில் பந்து வைத்துக்கொண்டால் புரளும்போது குத்தி எழுப்பும். மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சரிப்படாவிட்டால் தொண்டையில் துளை போட வேண்டியிருக்கும். இப்படியே விட்டால் ஒரு நாள் நின்ற மூச்சு நின்றபடியே இருந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கடலூர் தாண்டும்வரை அவர் கண்ணை மூடவில்லை. அப்போதுதான் சொன்னார். சைகோன் பக்கத்தில் ஒரு பாலத்துக்குக் காவல். விடிகிற நேரம் சார்ஜன்ட் வந்து பார்த்தபோது துப்பாக்கியை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாராம். எழுத்துப்பூர்வமாகத் தண்டித்தால் பெரிய இடத்துக்குப் போகும் என்று சார்ஜன்ட் தாமே ஒரு தண்டனை கொடுத்தார். தொர்மேர், அதாவது தூங்குமூஞ்சி, என்று எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டி, ஒரு பகல் முழுக்கக் கொடிக்கம்பத்தின் கீழ் நிற்க வைத்தார். பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படையை விட்டு வரும்வரை அதுவே அவர் பெயர்.

"பேரை வாபஸ் வாங்கச் சொல்லி எழுத முடியுமா சார்? உங்களுக்கு முறை தெரியுமே."

தெரியும் என்றேன். இல்லாத முறையையும் உண்டாக்கத் தெரிந்தவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்த காலம். படை எண், ஆண்டு, இடம், மருத்துவர் சொன்ன வரி எல்லாம் சேர்த்து நல்ல பிரெஞ்சில் மனு எழுதி, பிரான்சின் ராணுவ ஆவணப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மருத்துவர் தந்த மூலத்தை அவரிடம் கொடுத்து, விசாரணை முடியும்வரை சான்றை இப்போது உள்ளபடியே பாதுகாக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். நான் சொன்னது காகிதத்தை.

ஒன்றரை மாதம் கழித்து மதாம் மேரிக்கே வந்துவிட்டார். அதுவரை அவர் என் அலுவலகத்துக்கு வந்ததில்லை. பந்து வைத்துத் தைத்த பனியனை அவர் தொடுவதே இல்லையாம். வைன் குறையவில்லை. சாப்பாடு முன்னைவிட அதிகம். சோற்றைப் பிசைந்த கையோடு தட்டின் மேலேயே தூங்கி விழுகிறார். கேட்டால், சான்றைப் பாதுகாக்கச் சொல்லி சார் உத்தரவு என்கிறாராம்.

"பாரீசுலேர்ந்து டாக்டரு அனுப்பிப் பாக்குறப்ப நோய் இருக்கணுமாம். கொணமாயிட்டா பொய் சொன்னேன்னு ஆயிடுமாம்" என்றார். "நோய் இருக்கட்டும் சார். அதுவரைக்கும் இவங்க இருக்கணும்ல?"

அன்றே போய் விளக்கினேன். பரிசோதிக்க யாரும் கப்பலேறி வரமாட்டார்கள் என்றேன். காகிதத்தைத்தான் சொன்னேன் என்றேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, விசாரணை முடியும்வரை சான்றை இப்போது உள்ளபடியே பாதுகாக்க வேண்டும் என்ற என் வாக்கியத்தைச் சொல் பிசகாமல் எனக்கே சொன்னார். வாழ்நாளில் என் சுற்றறிக்கையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர். அதைக் கண்டு நான் பயந்த ஒரே தடவையும் அதுதான்.

மேலும் இரண்டு மாதம் போயிற்று. முகம் ஊதிக் கறுத்தது. நான் போகும் நாட்களில் பேச்சை நிறுத்திவிட்டு அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதில் ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஆளனுப்பியிருந்தார். போனேன். சப்பாத்து போட்டு, சட்டையை உள்ளே செருகி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மதாம் கதவோரம் நின்றார். கடிதத்தில் நான்கு வரி. தாங்கள் குறிப்பிடும் தண்டனை எதுவும் தங்கள் பணிக்கோப்பில் காணப்படவில்லை. ஆகவே நீக்குவதற்கு ஏதுமில்லை. வணக்கம்.

முப்பத்தைந்து வருடமாக அவர் சுமந்த பலகையை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இதை அப்படியே சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கோப்பில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு, பிறகு நீக்கச் சொல்லி ஒரு மனு. அதுவரை நோயைப் பத்திரமாக வைத்திருப்பார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன். தங்கள் மனு கவனமாக ஆராயப்பட்டது. மருத்துவரின் கருத்து முழுமையாக ஏற்கப்படுகிறது. தங்கள் மீது விதிக்கப்பட்ட தண்டனை, சூட்டப்பட்ட பெயர் உட்பட, ரத்து செய்யப்படுகிறது. மறுபரிசோதனை தேவையில்லை. விசாரணை இத்துடன் முடிந்தது. தாங்கள் உடனடியாகச் சிகிச்சை மேற்கொள்ளலாம்.

"இன்னொரு தடவை சார்."

மறுபடி வாசித்தேன். முதல் தடவை சொன்ன சொற்களையே சொல்ல வேண்டியிருந்தது. ஒன்று பிசகினாலும் கண்டுபிடிக்கக் கூடிய ஒரே ஆள் எதிரில் இருந்தார். கண் முழுக்கத் திறந்திருந்தது.

"ரத்துன்னா மன்னிச்சிட்டாங்கன்னு அர்த்தமா, நடக்கவே இல்லைன்னு அர்த்தமா?"

"நடக்கவே இல்லைன்னு அர்த்தம் முசியே" என்றேன். அந்த ஒரு வரி மட்டும் மூலத்தில் உள்ளபடி.

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். தொப்பை இடித்தது, நேரமெடுத்துக்கொண்டு இரண்டையும் கழற்றினார். மதாம் நான்கு வரிக் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அந்தப் பனியனை எடுத்து வந்தார். அவர் சட்டையைக் கழற்றி அதை மாட்டிக்கொண்டார். முதுகில் பந்து துருத்திக்கொண்டு நின்றது. வாசலில் வெயில் காய்ந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார். "நான் போய்க் கொஞ்சம் தூங்குறேன்."